எடுத்தவை வந்து சேர்ந்த ஊர்

தேரியூரில் முதலில் வந்து சேர்ந்தது நாவல் மரம்தான் என்று ஆட்டோக்காரர்கள் சொல்வார்கள். இல்லை, அதற்கு முன்பே ஒருநாள் ரயில் கூவிற்று, தண்டவாளமே இல்லாத ஊரில் ரயில் கூவினால் அதை யார் சட்டை செய்வார்கள், அதனால் விட்டுப்போயிற்று என்று டீக்கடை பால்பாண்டி சொல்வார். எது முதலில் வந்தது என்பதில்தான் ஊருக்குள் இரண்டு கருத்தே தவிர, எங்கிருந்து வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எல்லாம் கருப்பட்டி சங்கத்து மாடியிலிருந்து வந்தவை.

சங்கத்தின் கீழ்த்தளம் கிட்டங்கி. கருப்பட்டிச் சிப்பங்கள் கூரை தொட அடுக்கியிருக்கும். மாடியில், மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தேரியூர் வாசகர் வட்டம் கூடும்போது, கீழிருந்து ஏறிவரும் அந்த இனிப்பு மணத்தில் எப்பேர்ப்பட்ட துயரக் கதையும் கொஞ்சம் இளகிவிடும் என்பதாலோ என்னவோ, விமர்சனம் மட்டும் கசப்பாகவே இருக்க வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே அங்கே ஒரு பழக்கம். அந்தப் பழக்கத்தைக் கட்டிக்காத்தவர் பத்திர எழுத்தர் சற்குணராஜ். வாரம் பூராவும் மேற்படி சொத்தின் நான்கெல்லைக்கு உட்பட்ட மேற்படி மனையும் மேற்படி மனையில் உள்ள கிணறும் என்று எழுதிக் கை சலித்தவர், ஞாயிற்றுக்கிழமை ஒரு சொல் கூடுதலாகக் காதில் விழுந்தால் முதுகில் எறும்பு ஊர்ந்ததுபோல் நெளிவார். அவர் ஒரு கதையும் எழுதியதில்லை.

அந்த மாடியின் சட்டம் எளிது. எழுதியவர் ஆளுக்கொரு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்துவிட்டு வாசிப்பார். வாசித்து முடித்ததும் தாளை மடியில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வார். மற்றவர்கள் அவர் அங்கே இல்லாததுபோல, போய்ச் சேர்ந்துவிட்டவரைப் பற்றிப் பேசுவதுபோல, கதையைப் பேசுவார்கள். பேசி முடித்ததும் இன்னது மிகை என்று ஒருவர் சொல்ல, இருக்கிற கையெல்லாம் உயர்ந்தால் அது கதையிலிருந்து எடுக்கப்படும். ஒரு கை தாழ்ந்திருந்தாலும் அது இருந்துவிட்டுப் போகும். கடைசியில் எழுதியவருக்கு ஏற்புரை. எடுத்தது தவறு என்று அவர் நினைத்தால் அப்போது காரணம் சொல்லித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதற்குள் அவருக்கு எப்போது படி இறங்குவோம் என்றாகியிருக்கும் என்பதால் பெரும்பாலோர் நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். எதையாவது ஒன்றை இழக்காமல் எந்தக் கதையும் அந்தப் படி இறங்கக்கூடாது என்பது மட்டும் விலக்கில்லாத விதி.

ஊராட்சிப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கும் தங்கபுஷ்பம் அந்த மாடியில் ஜன்னலோர நாற்காலிக்காரி. அவள் அங்கே உட்கார்ந்ததற்குக் காற்று காரணமில்லை. ஜன்னலுக்கு நேர் கீழே பால்பாண்டி கடை பெஞ்சு, அந்தப் பெஞ்சில் அவள் கணவர் வைகுண்டமணி. மின்வாரியத்தில் வயர்மேன். டிவிஎஸ்ஸில் அவளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கூட்டம் முடியும் வரை அங்கேயே இருந்து, திரும்பக் கூட்டிக்கொண்டு போவார். வட்டத்தை நடத்திவந்த ஜெராக்ஸ் கடை கந்தையா எத்தனையோ தரம் மேலே வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்.

"நமக்கு அது ஒத்துவராது அண்ணாச்சி. அவ எழுதுதா, நான் கரண்ட் குடுக்கேன். ஆளுக்கு ஒரு வேலை போதும்," என்பார் வைகுண்டமணி.

போன பங்குனியில் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தங்கபுஷ்பம் நடந்து வந்தாள். ஜன்னலோர நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். கீழே பார்க்கவில்லை. அதற்கடுத்த மாதம் நாவல் மரம் வந்தது.

அது கதீஜா டீச்சரின் கதையில் இருந்த மரம். படிப்பை விட்டு நின்றுபோன ஒரு சிறுமியைப் பற்றிய கதை, அதில் பள்ளிக்கூடத்து நாவல் மரத்துக்கு மட்டும் அரைப் பக்கம். "மரம் நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா அந்தப் புள்ள அதுல ஏறவும் இல்ல, ஒரு பழம் பொறுக்கவும் இல்ல. எடுத்துரலாம்," என்றார் சற்குணராஜ். எல்லாக் கையும் உயர்ந்தன. மறுநாள் காலை பேருந்து நிலையத்து ஆட்டோ ஸ்டாண்டின் நட்டநடுவே, பருவமில்லாத பருவத்தில் பழுத்து, கீழே தரையெல்லாம் ஊதா அப்பிக்கொண்டு அது நின்றது. பள்ளிக்குப் போகிற வழியில் கதீஜா டீச்சர் ஆட்டோவை நிறுத்தி இறங்கிப் பார்த்தாள். அவள் எழுதியிருந்த அதே பொந்து, பொந்துக்குள் அவள் எழுதியிருந்த அதே உடைந்த சிலேட்டு. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவள், "கெழக்குப் பக்கத்துக் கொப்ப நான் கவனிக்காம விட்டுட்டேன்," என்று மட்டும் சொன்னாள். கிழக்குப் பக்கம் மரத்துக்குக் கொப்பு இல்லை. ஆட்டோக்காரர்கள் வண்டிகளை மேற்கு நிழலுக்கு நகர்த்திக்கொண்டார்கள், பேரூராட்சியிலிருந்து ஒருவர் வந்து அடிமரத்தில் வெள்ளையடித்து எண் போட்டார், அதோடு அந்த விஷயம் முடிந்தது. வைகுண்டமணி இருந்திருந்தால், லைன்ல ஒரசுது, கழிக்கணும் என்று முதல் ஆளாக ஏணியோடு வந்திருப்பார் என்று தங்கபுஷ்பம் நினைத்துக்கொண்டாள்.

பிறகு வரிசையாக வந்தன. கந்தையாவின் கதையில் ஒரு சாவு வீட்டில் வானமும் சேர்ந்து அழுதது, அழுகிற வானத்தை இனிமேலும் பொறுக்க முடியாது என்று எடுத்தார்கள், சுடுகாட்டில் மட்டும் ஒரு சாயங்காலம் முழுக்க மழை பெய்தது, பக்கத்துத் தெருக்காரர்கள் குடத்தோடு போய்ப் பிடித்து வந்தார்கள், கொஞ்சம் உப்புக் கரித்ததாகவும் துவைக்க ஆகும் என்றும் சொன்னார்கள். அவருடைய இன்னொரு கதையில் பாகப்பிரிவினை நடக்கிற வீட்டுக்குள் ஒரு சித்தப்பா குடையோடு வந்து, டீ குடித்து, "மழை வருமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். போனவர் கதைக்குள் திரும்பவே இல்லை. அவரை எடுத்த மறுநாள் பால்பாண்டி கடை பெஞ்சில் குடையோடு அவர் உட்கார்ந்திருந்தார். டீ குடித்தார். மழை வருமா என்று கேட்டார். பேர் கேட்டால் சிரித்தார், ஏனென்றால் கதையில் அவருக்குப் பேர் வைக்கவில்லை. ஊர் அவரைச் சித்தப்பா என்றே அழைத்தது. வேண்டாத பேச்சுப் பேசாத ஆள் என்பதால் கல்யாண வீடுகளில் முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு குடும்பங்கள் அவரை நடுவராக வைத்துப் பேசி, அவர் மழை வருமா என்று கேட்டதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு சமாதானமாகவும் போயின. ஆனால் டீயைத் தவிர வேறு எதையும் அவர் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை, வெயிலில் அவருடைய குடைக்கு நிழல் விழுந்தது, அவருக்கு விழவில்லை. எழுதியது அவ்வளவுதான் என்றார் கந்தையா.

இதற்குப் பிறகு எழுதத் தெரியாதவர்களாலும் ஊரில் சும்மா இருக்க முடியவில்லை. கீழத்தெருவில் தண்ணீர் இல்லை, மேலத்தெருவுக்குப் பாலம் இல்லை, ஒருவருக்குத் தோட்டத்தில் நிழல் இல்லை, இன்னொருவருக்கு மாமியார் வீட்டில் கேட்ட ஒரு நாதஸ்வரம் திரும்பக் கேட்க வேண்டும். சனிக்கிழமை தோறும் எழுத்துப் பயிற்சி வகுப்பு என்று கந்தையா ஒரு தட்டி வைத்தார், பன்றி பிடிக்கிறவரிலிருந்து பல் டாக்டர் வரை வந்து உட்கார்ந்தார்கள். முந்திரி வியாபாரி ஒருவர் முதல் ஆளாகக் கதை கொண்டுவந்தார், அதில் சம்பந்தமேயில்லாமல் ஒரு நல்ல கிணறு வந்தது. எல்லாக் கையும் மனமார உயர்ந்தன. மறுநாள் அவர் கொல்லையில் வட்டமாக ஒரு கைப்பிடிச் சுவர் நின்றது, உள்ளே எட்டிப்பார்த்தால் தரை. தண்ணீரை அவர் எழுதவில்லை.

"நல்ல கிணறுன்னு போட்டிருக்கனே," என்று அவர் சண்டைக்கு வந்தார்.

"நல்லங்கிறது கண்ணுக்குத் தெரியாதுல்லா," என்றாள் கதீஜா டீச்சர். "வாளி எறங்கினா என்ன சத்தம் கேக்கும், கயிறு எவ்வளவு நனையும், அத எழுதுங்க."

அப்படித்தான் தேரியூர் எழுதப் பழகிற்று. கிணறு வேண்டியவர்கள் கிணற்றடியில் போய் உட்கார்ந்து பார்த்தார்கள், பாலம் வேண்டியவர்கள் பக்கத்து ஊர்ப் பாலத்துக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள், நாதஸ்வரம் வேண்டியவர் ஊதுகிறவரின் கன்னத்தைப் பார்க்கப் பார்க்கத் தன் மாமியாரையே மறந்துபோனார். ஆனால் பார்த்துப் பார்த்து எழுதியதை எடுக்க முடியாமல் போகிற வினோதமும் அதோடு சேர்ந்து வந்தது. வார்டு கவுன்சிலர் ஒரு தார்ச்சாலையைச் சல்லி சல்லியாக எழுதிக்கொண்டு வந்தார், வாசித்து முடித்ததும் சற்குணராஜ், "எடுத்துரலாம், ஆனா சாலைய எடுத்துட்டா இந்தக் கதையில மிச்சம் என்ன இருக்கு? உங்க கையெழுத்துதான் இருக்கு," என்றார். "எனக்குத் தேவை அண்ணாச்சி," என்றார் கவுன்சிலர். "தேவைக்கு நான் கை தூக்கறதில்ல. தேவையில்லாததுக்குத்தான் தூக்குவேன்."

அவரும் ஒருமுறை தேவைக்குத் தூக்கியிருக்கிறார். கறவை மாட்டைப் பறிகொடுத்த ஒரு பெண், பூங்கனி என்று பேர், எழுத்துக்கூட்டி எழுதிய கதை. கதை முழுக்க அந்த மாடுதான். அதன் மூச்சு, நாக்கின் சொரசொரப்பு, கன்றை நக்குகிற விதம் எல்லாம் இருந்தது. எடுக்க ஒரு மயிரிழை மிகையில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது, அவள் அழுதுகொண்டு நின்றது பொறுக்காமல் ஒருவரையொருவர் பார்க்காமல் கை தூக்கினார்கள், சற்குணராஜும் தரையைப் பார்த்துக்கொண்டே தூக்கினார். மாடு வந்தது. வந்து தொழுவில் நின்றது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பூங்கனி முன்பக்கம் போனாள், அங்கேயும் முதுகு. சுவர்ப்பக்கம் போனாள், முதுகு. வைக்கோலைக் காட்டிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள், எந்தப் பக்கம் நின்றாலும் வாலும் முதுகெலும்பும்தான் தெரிந்தனவே தவிர ஒருதரமாவது அது முகத்தைக் காட்டவில்லை. மத்தியானம் அது தேரிக்காட்டுக்குள் நடந்து போனது, செம்மண் அதன் குளம்படிகளைப் பின்னாலேயே மூடிக்கொண்டு போனது. அதன்பிறகு பொய்க்கை தூக்குவதில்லை என்று மாடியில் யாரும் சொல்லிக்கொள்ளாமலேயே ஒரு முடிவு இருந்தது.

தங்கபுஷ்பம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா பெஞ்சில் வந்து உட்கார்ந்த அன்றுதான் அவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை அவள் முதன்முதலாகக் கீழே குனிந்து பார்த்தாள்.

அவள் எழுதியது பள்ளிச் சமையற்கூடத்தில், பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு, கழுவிக் கவிழ்த்த அண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்து. என்ன எழுதுகிறாள் என்று சமையல் உதவியாளர் கேட்கவில்லை, ஊருக்கே தெரிந்திருந்தது. அவளுக்கு வேண்டியது ஒரு மனிதர், அவரை நல்ல மனிதர் என்று எழுதினால் தண்ணீரில்லாத கிணறுபோல் வந்து நிற்பார், ஒரு வரியில் எழுதினால் சித்தப்பாபோல் நிழலில்லாமல் டீ குடித்துக்கொண்டிருப்பார். ஆகவே அவள் அவரை முழுக்க எழுதினாள். ஏணியைத் தோளில் மாற்றும்போது வாயை ஒருபக்கம் கோணிக்கொள்வதை எழுதினாள். கம்பத்தில் ஏறுமுன் கம்பத்தைத் தட்டிப்பார்ப்பதை, டெஸ்டரை சட்டைப்பையில் பேனாபோல் குத்தியிருப்பதை, காதுமடலில் முளைத்த மூன்று முடிகளை, அவரைக்காய் பிடிக்காது என்று சொல்லாமல் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துக் கடைசியில் தின்றுவிடுவதை எழுதினாள். சாயங்காலம் தேரியில் லைன் பார்த்துவிட்டு வரும்போது செருப்பெல்லாம் செம்மண்ணாக இருக்கும், வீட்டு வாசற்படியில் செருப்பை ஒருதரம் தட்டுவார், மண் உதிரும். பிறகு இன்னொரு தரம் தட்டுவார். அடுக்களையிலிருந்து அவள், "தெறந்துதான் கெடக்கு," என்பாள். கதவு எப்போதும் திறந்துதான் கிடக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்று அவளுக்கும் தெரியும். தட்டலை எழுதினாள். தன் பதிலை எழுதவில்லை, எழுதிக்கொண்டிருந்தது அவரைத்தான், தன்னை இல்லை.

எழுத எழுத அவளுக்கு ஒரு பயம் வந்தது. இந்த மனிதரை யார் எடுப்பார்கள்? எடுக்க வேண்டுமானால் அவர் வேண்டாதவராக இருக்க வேண்டும். அவள் யோசித்து யோசித்து, அவருக்குச் சம்பந்தமேயில்லாத ஒரு கதையை அவரைச் சுற்றிக் கட்டினாள். சமையற்கூடத்தில் ஒருநாள் முட்டை குறைந்துபோகிறது, யார் எடுத்தது என்று உதவியாளரும் ஆயாவும் ஒருவரையொருவர் சந்தேகப்படுகிறார்கள், கடைசியில் முட்டை கிடைத்துவிடுகிறது. நடுவில் ஒயர் சரிசெய்ய ஒரு வயர்மேன் வருகிறார், சரிசெய்கிறார், வீட்டுக்குப் போகிறார். அவரைத் தூக்கிவிட்டாலும் முட்டை கிடைக்கும். தான் செய்த அந்தத் தந்திரம் அவளுக்கே கொஞ்சம் பிடித்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஊர் முன்கூட்டியே தயாராயிற்று. பால்பாண்டி பெஞ்சைக் கழுவிவிட்டார். சித்தப்பாவை ஓரமாகத் தள்ளி உட்காரச் சொன்னார், அவரும் மழை வருமா என்று கேட்டுக்கொண்டே நகர்ந்தார்.

"வந்தா திரும்ப வேலையில சேத்துப்பாங்களா?" என்று ஒரு ஆட்டோக்காரர் கேட்டார்.

"ஏ, அவர் செத்ததா சர்ட்டிபிகேட் இருக்குல்லா. முதல்ல அத எடுக்கணும்."

"அதையும் ஒரு கதையில வச்சு எடுத்துர வேண்டியதுதான்."

மாடிப்படியில் வரை ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கை தூக்குகிற உரிமை வழக்கமாக வருகிறவர்களுக்கு மட்டும் என்று கந்தையா சொல்லிவிட்டார். தங்கபுஷ்பம் வாசித்தாள். சந்தை நிலவரம் வாசிப்பதுபோல் வாசித்தாள், வயர்மேன் வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் வேகமாக வாசித்தாள், கவனிக்காமல் போகட்டும் என்று. முடித்தாள். தாளை மடியில் வைத்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

கீழே கிட்டங்கியில் யாரோ சிப்பம் இறக்குகிற சத்தம் கேட்டது. கந்தையா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"எனக்கு என்ன தோணுதுன்னா," என்றார், "கதை முட்டையைப் பத்தி. நடுவுல வர்ற அந்த வயர்மேன்... கதைக்கு அவ்வளவா ஒட்டல. எடுத்துரலாமோ."

முதல் கை அவருடையது. கதீஜா டீச்சர் முந்தானையால் கண்ணை அழுத்திக்கொண்டு மறு கையைத் தூக்கினாள். ஒவ்வொன்றாக உயர்ந்தன. படியில் உட்கார்ந்திருந்தவர்களில் உரிமையில்லாத சிலரும் தூக்கினார்கள். தங்கபுஷ்பம் யாரையும் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தாள், பிறகு எடுத்தாயிற்று என்று கந்தையா சொல்லக் காணோமே என்று திரும்பினாள். சற்குணராஜின் இரண்டு கைகளும் முழங்காலில் இருந்தன.

"அண்ணாச்சி," என்றார் கந்தையா மெதுவாக.

"முட்டைய எடுப்போம்," என்றார் சற்குணராஜ். "ஆயாவ எடுப்போம். அண்டா, அடுப்பு, பள்ளிக்கூடம், எல்லாத்தையும் எடுப்போம், நான் ரெண்டு கையையும் தூக்குதேன். இந்த ஆள எப்படி எடுக்க? இந்தக் கதையில உசுரோட இருக்கது அவர் ஒருத்தர்தான்."

"உங்களுக்கு வாரத்துல ஒரு நாளாவது மனசுன்னு ஒண்ணு இருக்கக்கூடாதா வே?" என்றது படியிலிருந்து ஒரு குரல்.

சற்குணராஜ் குரல் வந்த பக்கம் பார்க்கவில்லை. எழுதியவரிடம் நேராகப் பேசக்கூடாது என்ற சட்டத்தை அந்த மாடியில் முதன்முதலாக மீறியவர் அதைக் காத்துவந்த அவர்தான்.

"தங்கச்சி, பூங்கனி மாட்டுக்கு நானும் கை தூக்கினேன். அது பொய்க்கை. வந்தது எப்படி வந்துச்சுன்னு நீ பாத்திருக்க. காதுல இருக்க முடிய வரைக்கும் எழுதியிருக்க. அந்தக் காத உனக்குக் காட்டாம, எந்தப் பக்கம் போனாலும் முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிற ஆளு வேணுமா உனக்கு?"

உயர்ந்திருந்த கைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. கதீஜா டீச்சருடையது கடைசியாக. தங்கபுஷ்பத்துக்கு உடம்பெல்லாம் கொதித்தது. எழுந்து அவர் முகத்துக்கு நேராக நிற்க வேண்டும்போல இருந்தது, முதுகானாலும் அது என் வீட்டு முதுகு என்று சொல்ல வேண்டும்போல இருந்தது, ஆனால் சட்டப்படி அவள் அங்கே இல்லை. மடியிலிருந்த தாளைப் பார்த்தாள். அதில் அவர் ஏணியைத் தோள் மாற்றிக்கொண்டிருந்தார், வாயை ஒருபக்கம் கோணிக்கொண்டிருந்தார். முகம் தெரிந்தது. அவ்வளவு கிட்டத்தில் தெரிந்தது. கொதிப்பு மெல்ல இறங்கி, பூங்கனி தொழுவைச் சுற்றிச் சுற்றி வந்த வழித்தடம் ஞாபகத்துக்கு வந்தது.

"சரி," என்றார் கந்தையா, தாழ்ந்த குரலில். "விதின்னு ஒண்ணு இருக்கு. எதாவது ஒண்ணு எடுக்கணும்."

முட்டையை எடுக்கலாம் என்றார் ஒருவர், முட்டையை எடுத்தால் கூடையும் போகும் என்றார் இன்னொருவர், ஒரு கூடை முட்டை எங்கே வந்து விழுமோ என்று படியில் ஒரு சின்னச் சிரிப்பு எழுந்து அடங்கியது. சற்குணராஜ் தாளை மூக்குக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, ஜெராக்ஸில் மங்கிப்போன வரிகளை விரலால் தொட்டுத் தொட்டு, பத்திரத்தில் எல்லை சரிபார்ப்பதுபோல முதலிலிருந்து வந்தார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"ஒரு எடம் இருக்கு," என்றார். "வாசப்படியில செருப்பத் தட்டுதார். மண்ணு உதிருது. பெறகு இன்னொரு தரம் தட்டுதார். முதல் தட்டுலயே மண்ணு உதிர்ந்தாச்சு. ரெண்டாவது எதுக்கு? மிகை."

எல்லோரும் தாளைப் பார்த்தார்கள். படித்தார்கள். ரெண்டாவதை விட்டுவிட்டுப் படித்துப் பார்த்தார்கள். உண்மையிலேயே மிகைதான். இரக்கத்துக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. சற்குணராஜின் கை முதலில் உயர்ந்தது, பிறகு மற்றவை, ஒன்றுகூடப் பாக்கியில்லாமல்.

"ஏற்புரை," என்றார் கந்தையா.

தங்கபுஷ்பம் எழுந்தாள். ஒரு வரி சொன்னால் போதும். அது மண்ணுக்காகத் தட்டியது இல்லை, எனக்காகத் தட்டியது, வந்துட்டேன் என்று சொல்ல அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது, நான் பதில் சொல்லும் வரை படியில் நிற்பார் என்று சொன்னால் போதும். கதையில் அதைவிடத் தேவையான இடம் வேறு இல்லை என்று சற்குணராஜே முதல் ஆளாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். தட்டல் கதைக்குள் போய்விடும். கதை நன்றாகிவிடும். அவள் எழுதியதிலேயே நல்ல கதையாகிவிடும், கந்தையா அதைப் பத்திரிகைக்கு அனுப்புவார். சொல்லாமல் விட்டாலும், எடுத்தவை எழுதியவர் வீட்டுக்கேதான் வரும் என்று நியதியும் இல்லை, நாவல் மரம் பேருந்து நிலையத்துக்குத்தான் வந்தது, மழை சுடுகாட்டுக்குத்தான் போனது. ஒரு செருப்புச் சத்தம் இந்த ஊரில் எந்தப் படியில் போய் விழும் என்று யாரால் சொல்ல முடியும்? எங்கே விழும் என்று பார்க்கத்தான் அவளுக்கு ஆசையாக இருந்தது. அவர் போன பிறகு நாளைக்கு என்ன நடக்கும் என்று அவள் ஆசையாக நினைத்தது அதுதான் முதல் தரம்.

"சரியாத்தான் எடுத்திருக்கீங்க," என்றாள். "நன்றி." உட்கார்ந்தாள்.

கீழே பெஞ்சில் சித்தப்பா மட்டும் இருந்தார். பால்பாண்டி அவளைப் பார்த்தார், ஒரு டீயை ஆற்றி நீட்டினார். அவள் நின்றபடி குடித்துவிட்டு நடந்தாள்.

இன்றைக்கு நீங்கள் தேரியூரில் தங்கபுஷ்பம் குடியிருக்கும் பிள்ளையார் கோயில் தெருவுக்குப் போனால், சாயங்காலம் வெயில் இறங்கித் தெருவின் ஒரு பக்கச் சுவரெல்லாம் செம்மண் நிறமாகும் நேரத்தில் அந்தத் தெருப் பெண்கள் ஒரே சமயத்தில் எழுந்து விளக்குப் போடுவதைப் பார்க்கலாம். கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை. வயர்மேன் தட்டியாச்சு, லைட்டப் போடு என்பார்கள். எதிர்வீட்டில் ஒருவர் அந்தத் தட்டலுக்குத்தான் மாத்திரை போட்டுக்கொள்கிறார். மின்வாரியத்திலிருந்து புதிதாக வந்த வயர்மேனுக்கு முதல் வாரம் கொஞ்சம் சங்கடமாக இருந்தது, பிறகு அவரும் அந்த நேரத்துக்கு லைன் வேலையை முடித்துக்கொண்டு இறங்கிவிடப் பழகிக்கொண்டார்.

ஆனால் முதல் நாள், அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம், அது தெருவில் யாருக்கும் தெரியாது. தங்கபுஷ்பம் காலையிலேயே பேருந்து நிலையம் வரை போய் ஒரு நடை நடந்து வந்திருந்தாள், சுடுகாட்டு வழியாகவும் போய் நின்று கேட்டிருந்தாள், எங்கும் ஒன்றும் இல்லை. பள்ளி முடிந்து வந்தாள். அவரைக்காயை நறுக்கிக்கொண்டு அடுக்களையில் இருந்தாள். வெளிக்கதவு திறந்துதான் இருந்தது, வாசலில் வெளிச்சம் சாய்ந்துகொண்டிருந்தது, படியில் யாரும் இல்லை.

ஒருதரம், செருப்பைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

அதற்கு முந்தைய தட்டல் கேட்கவில்லை, அது கதையில் இருந்தது. மண் அங்கேயே உதிர்ந்துவிட்டது. இது மற்றது.

அவள் எழுந்து போகவில்லை. எட்டிப் பார்க்கவும் இல்லை. அரிவாள்மணையிலிருந்து கையை எடுக்காமல், குரலை மட்டும் வாசல் வரை போகும்படி கொஞ்சம் உயர்த்தினாள்.

"தெறந்துதான் கெடக்கு."